கேஷை கிளியர் பண்ணச் சொல்லுறதுக்கு முதல்

கம்பஸுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஆகக் கூடக் கிடைத்த தொழில்நுட்ப ஆலோசனை ஒன்றுதான்: "கேஷை கிளியர் பண்ணிப் பாருங்கோ." பதிவுப் படிவம் திறக்கவில்லையா, கேஷ். நேர அட்டவணை போன செமஸ்டருடையதாகவே நிற்கிறதா, கேஷ். விடுதிப் பட்டியலில் பெயரைக் காணவில்லையா, அதற்கும் கேஷ். பனடோல் மாதிரி. எந்த வருத்தத்துக்கும் அதே குளிசை, போட்டால் சில நேரம் சுகமாகியும் விடும். சுகமாகிறதாலதான் இந்த ஆலோசனையில் என்ன பிழை என்று ஒருவரும் நின்று யோசிப்பதில்லை.

நான் கலைப்பீட மாணவி, பாடம் வரலாறு. கம்பியூட்டர் படிக்கிற ஆட்கள் இதை வாசித்துச் சிரித்தாலும் பரவாயில்லை. அவர்களிடம் கேட்டும் பிறகு நானாகத் தேடி வாசித்தும் விளங்கிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். எனக்கு இருக்கிற கேள்வி சின்னது: ஒரு அறிவித்தல் பழசாகத் தெரிஞ்சால் அதுக்கு ஆர் பொறுப்பு? வாசிக்கிற பிள்ளையா, போட்ட அலுவலகமா?

கேஷ் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒளித்து வைப்பது என்று கருத்து. வட அமெரிக்கக் காடுகளில் விலங்குத் தோலுக்காக அலைந்த வேட்டைக்காரர், திரும்பி வரும்போது தேவைப்படும் என்று சாப்பாட்டையும் சாமான்களையும் வழியில் ஒளித்து வைத்துவிட்டுப் போன இடத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. 1968 இல் ஐபிஎம் நிறுவனம் தன்னுடைய சிஸ்டம்/360 வரிசையின் 85 ஆம் மாடலைப் பற்றி எழுதியபோது, அதிலிருந்த வேகமான சின்ன நினைவகத்துக்கு இந்தச் சொல்லை எடுத்தது. பிரவுசர் செய்வதும் அந்த வேட்டைக்காரரின் வேலைதான். ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதன் படங்கள், எழுத்துரு, அழகுபடுத்தும் கோப்புகள், சில நேரம் முழுப் பக்கத்தையுமே ஒரு பிரதி எடுத்து போனுக்குள் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை எங்கேயோ இருக்கிற சேவருக்குப் போகாமல் அந்தப் பிரதியையே எடுத்துக் காட்டும். தமிழில் 'தற்காலிகச் சேமிப்பு' என்கிறார்கள். 'பதுக்கல்' என்றால் மூலச் சொல்லுக்கு இன்னும் கிட்ட வரும். ஆனால் 2022 இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்டில அந்தச் சொல்லை ஆரும் நல்ல கருத்தில எடுக்க மாட்டினம்.

இந்தப் பதுக்கல் எங்களுக்கு நன்மைதான். வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் மட்டும் தனிப் பெக்கேஜ் போட்டுக்கொண்டு, மற்ற டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பிள்ளைகள் எங்கட பெட்ச்சிலேயே கனபேர். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற ஊரிலிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே இலச்சினையை, ஒரே பின்னணிப் படத்தை ஒவ்வொரு முறையும் திரும்ப இறக்காமல் மிச்சப்படுத்தித் தருவது கேஷ். எல்லாவற்றையும் அழி என்றால், பிரவுசரில் திறந்த அத்தனை தளங்களின் சாமான்களும் திரும்ப இறங்க வேண்டும். சொல்லுகிறவருக்கு வைஃபை இருக்கும்.

சரி, பழைய பிரதியைக் காட்டலாமா புதுசு கேட்க வேண்டுமா என்பதை பிரவுசர் எப்படித் தீர்மானிக்கிறது? இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பால் பக்கற்றில் காலாவதித் திகதி அடித்து வருவது போல, ஒவ்வொரு கோப்பையும் அனுப்பும்போது சேவர் அதோடு ஒரு குறிப்பையும் அனுப்பலாம். அதற்குப் பெயர் 'கேஷ்-கண்ட்ரோல்'. இத்தனை செக்கன்டுக்கு இது செல்லும் என்று அதில் எழுதலாம். இலச்சினைக்கு ஒரு வருடம் கொடுத்தாலும் குறைவில்லை. அறிவித்தல் பக்கத்துக்கு 'நோ-கேஷ்' என்று எழுதலாம். பெயர்தான் குழப்பம்; அதன் கருத்து சேமிக்காதே என்பதல்ல, சேமித்து வை, ஆனால் காட்டுவதற்கு முதல் ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒருக்கால் கேள் என்பது. பிரவுசர் கேட்கும். மாறவில்லை என்றால் சேவர் 304 என்று ஒரு சின்னப் பதில் அனுப்பும், கோப்பு திரும்ப இறங்காது. மாறியிருந்தால் புதுசு வரும். டேட்டாவும் மிச்சம், தகவலும் சரி.

இதை எழுத வேண்டியது தளத்தை நடத்துகிறவர். எழுதாவிட்டால்? பிரவுசர் ஊகிக்கும். ஊகிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளில் கேஷைப் பற்றியது ஆர்எஃப்சி 9111, 2022 இல் வந்தது. ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதை மட்டும் சேவர் சொல்லி, எவ்வளவு காலம் செல்லும் என்று சொல்லாமல் விட்டால், மாறாமல் இருந்த காலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. வழக்கமாக எடுக்கிற பங்கு 10 வீதம் என்றும் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கோ. 100 நாளாக மாறாமல் கிடந்த பிடிஎப் ஒன்றை நீங்கள் இன்றைக்குத் திறந்தால், இன்னும் 10 நாளைக்கு இது புதுசுதான் என்று பிரவுசர் நினைக்கலாம். நாளைக்கே அலுவலகம் அதே பெயரில் வேறு பிடிஎப்பை ஏற்றி முடிவுத் திகதியை முன்னுக்குக் கொண்டுவந்தாலும், அதே லிங்க்கை அமத்துகிற உங்களுக்கு வரப்போவது பழைய திகதி. அதாவது, அடிக்கடி கவனிக்கப்படாத கோப்புதான் ஆகக் கூட நாள் எங்களை ஏமாற்றும். பிரவுசரில் ஒரு பிழையும் இல்லை. அதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேல்ல, அது தன்ர பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டது.

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த பில் கார்ல்டன் சொன்னதாக கணினி ஆட்களிடம் ஒரு பகிடி இருக்கிறது. கணினித்துறையில் உண்மையிலேயே கஷ்டமான வேலை இரண்டுதானாம்: கேஷில் இருப்பதைக் காலாவதியாக்குவது, மற்றது பெயர் வைப்பது. அந்தத் துறையே கஷ்டம் என்று ஒத்துக்கொள்கிற வேலையை, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

போன வருடம் எங்கட ஊரில் ஒரு தங்கச்சி அப்படித்தான் ஒன்றுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். வருமான விபரம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், வங்கிக் கணக்கு என்று நாலு பக்கப் படிவம். மூன்று பக்கம் நிரப்பியாயிற்று. நாலாவதில் மாவட்டப் பட்டியல் விரியவில்லை. உதவி இலக்கத்துக்கு எடுத்தாள். "கேஷை கிளியர் பண்ணுங்கோ தங்கச்சி, சரிவரும்." பண்ணினாள். அந்த ஸ்கிறீனில் குக்கீஸுக்கும் சேர்த்துச் சரி போட்டிருந்தது, அதுவும் போய்விட்டது. குக்கீஸ் போனதோடு லொகின் போனது, நிரப்பின மூன்று பக்கமும் போனது. பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியாது. கணக்கைத் திறந்து கொடுத்தது சந்தியில் உள்ள கொமியூனிகேஷன் கடை அண்ணா. அண்டைக்குக் கடை பூட்டு. கடைசியில் இரண்டு நாள் கழித்து அண்ணாவைப் பிடித்து, திரும்ப முதலில் இருந்து நிரப்பி அனுப்பினாள். இத்தனைக்கும் மாவட்டப் பட்டியல் விரியாததுக்கும் அவளுடைய போனுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. அண்ணாவின் கம்பியூட்டரிலும் முதல் நாள் முழுக்க அது விரியவில்லை.

இந்த இடத்தில் பிரயோசனமான விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தேவைப்படும். அனேகமான நேரம் முழுசாக அழிக்கத் தேவையே இல்லை. லிங்க்கை அமத்தித் திறக்கும்போதுதான் பிரவுசர் பழைய பிரதியை எடுத்துத் தரப் பார்க்கும்; ரீலோட் அமத்தினால் அந்தப் பக்கத்தைப் பற்றி சேவரிடம் திரும்பக் கேட்கும். லப்டொப் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அமத்தலாம், அந்தப் பக்கத்துக்கு மட்டும் கேஷைத் தாண்டிப் போகும். போனில் இன்கொக்னிட்டோவில் திறந்து பாருங்கோ. அது உங்கள் வழமையான பிரவுசரின் பழைய பிரதிகளைத் தொடாது, உங்கள் லொகினும் பத்திரமாக இருக்கும். இதெல்லாம் சரிவராமல் அழிக்கத்தான் வேண்டும் என்றால், குக்கீஸ், பாஸ்வேர்ட் இரண்டிலும் உள்ள சரியை எடுத்துவிட்டு அழியுங்கோ. கால அளவு 'கடைசி ஒரு மணித்தியாலம்' என்று நின்றால் போன கிழமை சேமித்த பிரதி அப்படியே இருக்கும் என்பதையும் கவனியுங்கோ. அழிச்சுப்போட்டன், இன்னும் பழசுதான் வருது எண்டு சொல்லுற பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும் எண்டு நினைக்கிறன்.

ஆனால் மிச்சப் பாதிப் பேர்? அவர்களைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

ஒரு பக்கம் பழசாகத் தெரிவதற்கு மூன்று இடம் காரணமாக இருக்கலாம். ஒன்று என்னுடைய போன். இரண்டாவது நடுவில் இருக்கிற சேவர்கள். பெரிய தளங்கள் உலகம் முழுக்கப் பிரதிகளை வைத்திருக்கிற இடைச் சேவைகளைப் பாவிக்கின்றன, சில நிறுவனங்களின் உள் வலையமைப்பிலும் அப்படி ஒன்று இருக்கும். மூன்றாவது அலுவலகமே இன்னும் மாற்றவில்லை. என்னுடைய கையிலிருக்கிற ஸ்கிறீனில் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதே பழைய எழுத்து, அதே பழைய அட்டவணை. கேஷை அழிப்பது முதலாவதுக்கு மட்டும்தான் மருந்து. நடுவில் இருக்கிற பிரதியை என்னால் தொடவே முடியாது. அலுவலகம் எழுதாத ஒன்றை எந்த பட்டனை அமத்தி எடுப்பது?

தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் ஒரு படி சிக்கல். 1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி ஆனது. அதனால் அரச தளங்களின் மேல் மூலையில் மூன்று மொழிக்கும் பட்டன் இருக்கும். தமிழ் பட்டனை அமத்திப் பார்த்தவர்களுக்கு அனுபவம் தெரியும். சில இடங்களில் தலைப்பு மட்டும் தமிழில், உள்ளுக்குள் ஆங்கிலம். சில இடங்களில் ஆங்கிலப் பக்கத்தில் இந்த மாத அறிவித்தல் இருக்க, தமிழ்ப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய அமைச்சரின் வாழ்த்துச் செய்தி சிரித்துக்கொண்டு நிற்கும். தமிழ்ப் பக்கத்தை மட்டும் நம்பியிருக்கிற பிள்ளை போன் எடுத்துக் கேட்டால் வருகிற பதில் திரும்பவும் அந்தக் குளிசைதான். மொழிபெயர்க்காமல் விட்ட அறிவித்தல் ஒன்று அவளுடைய போனின் பிழையாக மாறிவிடுகிறது. அவளும் தனக்குத்தான் போன் பாவிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வைத்துவிடுவாள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. சொல்லுகிற உத்தியோகத்தருக்கு இதில் கெட்ட எண்ணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் அந்தத் தமிழ்ப் பக்கம் கடைசியாக எப்போது மாறியது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஏனென்றால் அது பக்கத்தில் எங்கேயும் எழுதியிருக்காது.

எங்கள் பாடத்தில் முதல் வருடத்திலேயே பழக்குகிற கேள்வி, ஒரு ஆவணத்தைக் கையில் எடுத்தால் இது எப்போது எழுதப்பட்டது என்பது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அரசனின் பெயரோடு 'யாண்டு' என்று போட்டு அவன் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது வருடம் என்று வெட்டியிருப்பார்கள். கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்த சின்ன விஷயத்துக்கும் வருடம் இருக்கும். எங்கட வர்த்தமானியை எடுங்கோ. அதி விசேஷ வர்த்தமானி என்றால் இலக்கம், சாய்கோடு, திரும்ப ஒரு இலக்கம், திகதி, கிழமை எல்லாம் முதல் பக்கத்திலேயே நிற்கும். பிறகு ஒன்றை மாற்ற வேண்டும் என்றால் இன்னொரு வர்த்தமானி வரும், இன்ன இலக்கத்தைத் திருத்துகிறோம் என்று சொல்லும். கடதாசியில் இவ்வளவு ஒழுங்காக இருக்கிற அதே அரச கரும உலகம், இணையத்துக்கு வந்ததும் திகதியே இல்லாத பக்கத்தில் பழசை அழித்து அதே இடத்தில் புதுசை ஒட்டிவிட்டுப் போகிறது. நேற்று என்ன இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

நேற்று என்ன இருந்தது என்பதற்கு சில நேரம் உங்கள் போனில் இருக்கிற அந்தப் பழைய பிரதிதான் சாட்சி. விண்ணப்ப முடிவு 20 ஆம் திகதி என்று இருந்தது 15 ஆக மாறினால், 17 ஆம் திகதி கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளை எதைக் காட்டுவாள்? ஆகவே அழிக்க முதல் ஒரு ஸ்கிறீன்ஷொட் எடுங்கோ, மேலே உள்ள அட்ரஸும் போனின் நேரமும் தெரியிற மாதிரி. எடுக்கும் திகதியையும் எங்கேயாவது எழுதி வையுங்கோ. முந்தி கூகுளில் தேடும்போது அது சேமித்து வைத்திருந்த பழைய பிரதியைத் திறந்து பார்க்க ஒரு லிங்க் இருந்தது. 2024 இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்த நேரத்துப் பிரதியைத் திகதி போட்டு எடுத்து வைத்துக்கொள்ளும், காசு இல்லை. முக்கியமான அறிவித்தலைக் கண்ட உடனே அதில் ஏற்றிவிடுவதை நான் இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். வரலாறு படிக்கிறவளின் வருத்தம் என்று நண்பிகள் பகிடி பண்ணுவார்கள்.

ஸ்கிறீன்ஷொட் பற்றி இன்னொன்று. எங்களில் பெரும்பாலானவர்கள் அறிவித்தலை அதன் சொந்தப் பக்கத்தில் வாசிப்பதே இல்லை. டேட்டா கணக்கால், ஒருத்தர் பார்த்துப் படம் எடுத்து வட்ஸ்அப் குறூப்பில் போட, அது ஊர் முழுக்கப் போகும். சுற்றிவர வெட்டி, திகதி இருந்தால் அதையும் வெட்டித்தான் வரும். அதுவும் ஒரு கேஷ்தானே? ஆனால் இந்தக் கேஷுக்குக் காலாவதியும் இல்லை, கிளியர் பட்டனும் இல்லை. போன வருடத்து விடுதி அறிவித்தல் இந்த வருடத்துப் புதுமுக மாணவர்களின் குறூப்பில் வந்து, இரண்டு பேர் சாமானோடு வந்து இறங்கின கதை எங்கட பீடத்தில நடந்தது. படத்தைப் பார்த்து ஆரும் பழசு எண்டு சொல்ல ஏலாது. அறிவித்தலின் நடுவிலேயே, வெட்ட முடியாத இடத்தில் திகதி இருந்திருந்தால் நடந்திருக்காது.

ஆகவே நான் கேட்பது பெரிய வேலை எதுவும் இல்லை. ஒவ்வொரு அறிவித்தலின் உடம்பிலும் போட்ட திகதியும் நேரமும், மாற்றினால் மாற்றிய திகதியும் என்ன மாற்றினோம் என்ற ஒரு வரியும், மூன்று மொழியிலும். திருத்திய பிடிஎப்பை அதே பெயரில் ஏற்றாமல் பெயரில் திகதியைச் சேர்த்து ஏற்றினால், பெயர் மாறியதால் பிரவுசரே புதுக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். பழையதும் பழையது என்று தெரியும்படி கிடக்கும். அறிவித்தல் பக்கத்துக்கு அந்த 'நோ-கேஷ்' குறிப்பு, தளத்தைச் செய்து கொடுத்தவர் ஒருக்கால் போட்டால் போதும். தமிழ்ப் பக்கம் இன்னும் ஆயத்தமில்லை என்றால், ஆயத்தமில்லை, ஆங்கில அறிவித்தல் இன்ன திகதியில் வந்தது என்று தமிழில் ஒரு வரி. ஆளணி இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் தட்டுப்பாடு உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திகதி போட மொழிபெயர்ப்பாளர் தேவையில்லையே. இலக்கம் மூன்று மொழிக்கும் ஒன்றுதான். மாணவர் ஒன்றியங்கள், சங்கங்கள் போடுகிற அறிவித்தலுக்கும் இதையேதான் சொல்லுவேன், அங்கேயும் 'வருகிற வெள்ளி' என்றுதான் போஸ்டர் வருகிறது. எந்த வெள்ளி?

அலுவலகத்துக்கு எழுதும்போது நாங்களும் கொஞ்சம் வேறு மாதிரி எழுதலாம். "உங்கட தளம் வேலை செய்யுதில்ல" என்று எழுதினால் குளிசைதான் வரும். நானும் என்னுடைய நண்பியும் இப்போது எழுதுவது இப்படி, வேண்டுமென்றால் எடுத்துப் பாவியுங்கோ: "இந்தத் தமிழ்ப் பக்கத்தை இன்ன திகதி, இன்ன நேரம், இரண்டு வெவ்வேறு போனில், இன்கொக்னிட்டோவிலும் திறந்து பார்த்தோம். மூன்றிலும் போன வருடத்து விபரமே உள்ளது. ஆங்கிலப் பக்கத்தில் இந்த வருடத்து விபரம் உள்ளது. தமிழ்ப் பக்கம் கடைசியாக எப்போது இற்றைப்படுத்தப்பட்டது என்பதை அறியத் தரவும்." ஸ்கிறீன்ஷொட் இரண்டையும் இணைத்துவிடுவோம். பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியைக் கேட்கலாம், அதற்கு முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள் எல்லை இருக்கிறது.

இதுவரை இரண்டு இடத்துக்கு இப்படி அனுப்பியிருக்கிறோம். ஓரிடத்தில் நாலாம் நாள் தமிழ்ப் பக்கம் மாறியது, பதில் கடிதம் ஒன்றும் வரவில்லை. மற்ற இடத்திலிருந்து பதில் வந்தது, ஆங்கிலத்தில்: பிரவுசர் கேஷை அழித்துவிட்டு மீண்டும் முயற்சிக்கவும். அதுக்கு என்ன எழுதுறது எண்டுதான் இப்ப யோசிச்சுக்கொண்டிருக்கிறம்.